சோபாத் தோல் மிச்சத் துண்டுகளில் கைவேலை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தோல் கைவேலை பழக ஆசைப்படுகிறவர்களில் பலரைத் தடுப்பது தோலின் விலைதான். காசு கொடுத்து வாங்கிய நல்ல தோலில் முதல் வெட்டே கோணலாகிவிடுமோ என்ற பயத்தில் கத்தியை எடுக்கவே கை வராது. அந்தப் பயம் இல்லாமல் பழக எனக்குத் தெரிந்த நல்ல வழி, சோபா, நாற்காலி, கார் சீட் தைக்கும் இடங்களில் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள். ஒரு முழுத் தோலில் ஓரங்களும், தழும்பு விழுந்த இடங்களும், பெரிய பாகங்களுக்கு நடுவே தப்பிய முக்கோணங்களுமாகக் கணிசமான அளவு மிஞ்சும். உள்ளங்கை அகலத்திலிருந்து முழங்கை நீளம் வரை எல்லா அளவிலும் அது கிடைக்கும். நிறைய இடங்களில் எடைக்குப் போடுவார்கள், சிலர் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் இந்தத் தோலுக்கென்று ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். தோல் வேலை சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஓரத்தை ஈரமாக்கித் தேய், பளபளக்கும். ஈரத்தில் அச்சு குத்து, அப்படியே நிற்கும். பெட்டி மாதிரி மடி, விறைப்பாக நிற்கும். இதையெல்லாம் சோபாத் தோலில் செய்து பார்த்தால் ஓரம் நார் நாராகப் பிரியும், குத்திய அச்சு சற்று நேரத்தில் மறைந்துவிடும், பெட்டி துவண்டு விழும். குறை உங்கள் கையில் இல்லை. இது வேறு வகைத் தோல், இதற்கு வேலைமுறையும் வேறு. கையில் இருக்கும் துண்டு எதற்குத் தோதோ அதைச் செய்யுங்கள், மனதில் இருக்கும் டிசைனுக்குள் அதைத் திணிக்காதீர்கள். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

இது என்ன தோல்

சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் போகும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிட்ட மாட்டுத் தோல். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை பெற்ற பிறகு தொழிற்சாலைகளில் பரவிய முறை இது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக ஊறவேண்டிய வேலை இதில் ஒரு நாள் கணக்கில் முடிந்துவிடும். கிடைக்கிற தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் சூட்டுக்கும் ஓரளவு தாங்கும், இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். ஆள் உட்கார்ந்து எழும் சோபாவுக்கு அதுதானே வேண்டும்.

பதனிட்டு முடித்த உடனே இந்தத் தோல் வெளிர்நீலமாக இருக்கும், சாயம் அதற்குப் பிறகுதான். சாயம் நடுவரை ஏறாத துண்டை வெட்டிப் பார்த்தால் மேலே பழுப்பு, கீழே பழுப்பு, நடுவில் சாம்பல் கலந்த நீலக்கோடு தெரியும். சாயம் முழுக்க ஏறிய துண்டில் வெட்டுமுகமும் அதே நிறம். இந்த வித்தியாசத்தை இப்போதே மனதில் குறித்துவையுங்கள், ஓரம் முடிக்கும்போது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

தடிமன் பெரும்பாலும் 0.9 முதல் 1.4 மி.மீ. வரை. சின்னப் பொருட்களுக்கு இது அருமையான தடிமன், இரண்டு அடுக்கு சேர்த்தாலும் சாதாரணக் கைத் தையலுக்கு அடங்கும். மேற்புறத்தில் பெரும்பாலும் பெயின்ட் மாதிரி ஒரு நிறப்பூச்சு இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு கனமானது, மெல்ல உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லை அல்லது மிக லேசு. பூச்சு உள்ளது அழுக்குத் தாங்கும், ஆனால் அதன்மேல் பசையும் சாயமும் பிடிக்காது. பூச்சு இல்லாதது தொட மிக இதமாக இருக்கும், ஆனால் கறை சட்டென்று ஏறும்.

துண்டு பொறுக்குவது

முதலில் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். உண்மையான தோலின் பின்புறம் சதைப்பக்கம், குட்டை குட்டையாக நார் எழும்பி மெல்லிய சொரசொரப்பாக இருக்கும். துணி நெசவு தெரிந்தால் அது ரெக்சின், அல்லது தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணிமேல் பரப்பிய சரக்கு. இரண்டாவது சொன்னது சில வருடங்களில் செதில் செதிலாக உரியும், அதில் உழைப்பைக் கொட்டாதீர்கள். இன்னொன்றும் உண்டு: தோலின் அடி அடுக்கை மட்டும் பிரித்தெடுத்து மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. பின்புறம் நாராக இருக்கும் என்பதால் ஏமாந்துவிடுவோம். வெட்டுமுகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் மேலே தனியாக ஒரு படலம் கோடாகத் தெரியும், மடக்கினால் அந்தப் படலம் மட்டும் தனியாகச் சுருங்கும்.

அடுத்தது மடிப்புச் சோதனை. பூச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி துண்டை முழுதாக மடித்து, மடிப்பை விரலால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். நிறம் லேசாக வெளுத்து, விரித்ததும் திரும்பினால் பரவாயில்லை. பூச்சு விரிசல் விட்டால் அந்தத் துண்டை மடிப்பு வராத வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் இறங்குகிறது என்றால் அது சட்டைப்பையிலும் இறங்கும்.

பழைய சோபாவைப் பிரித்து எடுக்கப் போகிறீர்களா? தாராளமாகச் செய்யலாம், ஆனால் எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். உட்காரும் இடம், கை வைக்கும் இடம், தலை சாயும் இடம் மூன்றிலும் வியர்வையும் எண்ணெயும் ஏறிப் பூச்சு கெட்டுப்போயிருக்கும். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிற இடம் எதைப் போட்டுத் துடைத்தாலும் சரியாகாது. நல்ல தோல் சோபாவின் வெளி முதுகிலும், பக்கவாட்டிலும், மெத்தைகளின் ஓரப் பட்டைகளிலும்தான் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல் போட்டு, முதுகிலும் பக்கத்திலும் நிறம் பொருந்தின ரெக்சின் போட்ட சோபாக்கள் ஏராளம். எனவே ஒவ்வொரு பலகத்தையும் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டேப்பிள் ஊசிகளைக் குறடால் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், பழைய நுரைப் பஞ்சு பொடிப்பொடியாக உதிரும் என்பதால் முகக்கவசம் போடுங்கள். தையலைப் பிளேடால் அறுக்காமல் தையல் பிரிக்கும் கருவியால் பிரித்தால் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தோல் மிச்சமாகும், ஜிப்புகளும் முழுதாகக் கிடைக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து நிழலில் காயவையுங்கள். துணி மாதிரி ஊறவைக்க வேண்டாம்.

தழும்பு, கொசுக்கடிப் புள்ளி, நரம்போட்டம் தெரிகிற துண்டுகளைச் சோபா தைப்பவர் ஒதுக்கிவிடுவார். நமக்கு அவை பொக்கிஷம். ஒரு சின்னப் பையின் முகப்பில் அந்தத் தழும்பு விழும்படி வெட்டினால் அது எங்கோ வளர்ந்த ஒரு மாட்டின் தோல் என்பது தெரியும், எனக்கு அது மிகப் பிடிக்கும். மடிப்பிலும் தையல் கோட்டிலும் மட்டும் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடம் வலுக் குறைவாக இருக்கலாம்.

என்னென்ன கருவி வேண்டும்

குறைவாகத் தொடங்குங்கள். உடைத்து உடைத்துப் புது முனை எடுக்கும் கத்தி, இரும்பு ஸ்கேல், கட்டிங் மேட், குத்தூசி, தையல் துளை போடும் பல் உளி ஒன்று, சுத்தி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், கான்டாக்ட் சிமெண்ட் என்கிற செருப்பு ஒட்டும் பசை, கொஞ்சம் கிளிப்புகள், நடுத்தர மணல் காகிதம். இவ்வளவு போதும். பல் உளி வாங்கும்போது பல் இடைவெளி 3 அல்லது 4 மி.மீ. இருக்கட்டும். நூல் 0.6 மி.மீ. தடிமனில் இருந்தால் இந்த மெல்லிய தோலுக்குப் பொருத்தம், 1 மி.மீ. நூல் கயிறு மாதிரித் துருத்தும்.

பணம் செலவழிக்க வேண்டுமென்றால் கத்தியில் செலவழியுங்கள். சோபாத் தோல் மெத்தென்று இருப்பதால் மழுங்கிய கத்திக்கு முன்னால் வெட்டுப்படாமல் நகரும், அலையலையாக வெட்டும். இரண்டு மூன்று துண்டு வெட்டியதுமே முனையை உடைத்துப் புது முனைக்குப் போய்விடுங்கள். உருளைக் கத்தி கிடைத்தால் இன்னும் நல்லது, அது தோலை இழுக்காமல் அழுத்தி வெட்டும்.

இழுவை பார்த்து வெட்டுவது

துண்டின் இரண்டு முனையையும் பிடித்து நீளவாக்கில் இழுங்கள், அப்புறம் குறுக்குவாக்கில் இழுங்கள். ஒரு திசையில் அதிகமாகக் கொடுக்கும், இன்னொன்றில் குறைவாக. மாட்டின் முதுகெலும்பு ஓடிய திசையில் தோல் குறைவாக நீளும், வயிற்றுப் பக்கத்துத் தோல் எந்தப் பக்கம் இழுத்தாலும் தளர்ந்து கொடுக்கும். மிச்சத் துண்டில் எது முதுகு எது வயிறு என்று தெரியாது, அதனால்தான் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். குறைவாக நீளும் திசையில் பின்புறத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவையுங்கள். வார், பிடி, சாவிக்கொத்துப் பட்டை இவற்றின் நீளம் எப்போதும் அந்த அம்பின் திசையில்தான் வரவேண்டும். பைகளில் வாய்ப்பகுதி அந்தத் திசையில் வரட்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் வாய் பிளந்து தொங்கும்.

மாதிரி வடிவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டிவைத்து, அதைத் தோலின் பின்புறத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரையுங்கள். மேற்புறத்தில் எதாலும் வரையாதீர்கள், அழியும் என்று சொல்லி விற்கும் பேனாக்கள் சில பூச்சுகளில் அழியாது. வெட்டும்போது ஸ்கேலை முழுக் கையால் அழுத்தி, ஒரே அழுத்தில் வெட்டிவிட நினைக்காமல் இரண்டு மூன்று லேசான ஓட்டத்தில் வெட்டுங்கள். வளைவுகளில் கத்தியைத் திருப்புவதை விடத் தோலைத் திருப்புவது சுலபம்.

ஓரம்

சோபாத் தோலில் ஒரு பொருள் கைவேலையாகத் தெரிவதும் அரைகுறையாகத் தெரிவதும் ஓரத்தில்தான். வழி மூன்று இருக்கிறது.

முதலாவது, வெட்டியதை வெட்டியபடியே விடுவது. சாயம் முழுக்க ஏறிய, நார் இறுக்கமான துண்டுக்கு இது போதும். ஆனால் அப்போது வெட்டு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி: இரண்டு அடுக்கையும் 1 மி.மீ. அதிகமாக வெட்டி, ஒட்டி, தைத்து முடித்த பிறகு புது முனைக் கத்தியால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக ஓரம் சீர்செய்வது. இரண்டு அடுக்கும் ஒரே முகமாக நிற்கும்.

இரண்டாவது, ஓரப் பெயின்ட். நடுவில் நீலக்கோடு தெரிகிற துண்டுக்கு இது உதவும். முதல் பூச்சு நாரில் ஊறி மறைந்துவிடும், கவலைப்படாதீர்கள். காய்ந்ததும் 400 எண் மணல் காகிதத்தால் லேசாகத் தேய்த்து இரண்டாவது, மறுபடி தேய்த்து மூன்றாவது. ஒவ்வொன்றும் மெல்லிசாக இருக்கட்டும். ஒரேயடியாகக் கனமாகப் போட்டால் தோல் வளையும் இடத்தில் ரப்பர் தோலி மாதிரி உரிந்து வரும். தளதளவென்று அதிகம் வளையும் பொருளுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, மடித்த ஓரம். இந்தத் தோல் மெல்லிசாக, மெத்தென்று இருப்பது கெட்டித் தோல்காரர்களுக்குக் குறை, இங்கே அதுவே வசதி. ஓரத்தை 8 மி.மீ. உள்பக்கம் மடித்து ஒட்டித் தைத்துவிட்டால் வெட்டுமுகமே வெளியே தெரியாது, நீலக்கோடு, நார், பெயின்ட் என்ற பேச்சே இல்லை. ஓரமும் இரட்டையாகி வலுக்கும். ஒரே நிபந்தனை, மடிக்கும் இடத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும்.

சீவுவதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் கைவிடுவது இங்கேதான். துண்டைப் பின்புறம் மேலே தெரிய ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அல்லது பளபளப்பான டைல் மேல் வையுங்கள், அடி வழுக்கலாக, சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே ஒரு கோடு போடுங்கள். மடிப்பு 8 மி.மீ. என்றால் மடங்கும் கோடும் சீவிய பகுதிக்குள் வரும், அது முக்கியம், இல்லையென்றால் மடிப்பு உப்பி நிற்கும். இடது கையின் விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, உள்ளேயிருந்து ஓரத்தை நோக்கி, உங்கள் விரல்களுக்கு எதிர்த்திசையில் தள்ளுங்கள். முதலில் பொடியாகத்தான் வரும், கோணம் சரியானதும் மெல்லிய நாடாவாகச் சுருண்டு வரும். அந்தச் சுருள் வருகிற கோணத்தைக் கை பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நடுவில் தோல் சுருங்கிக் கத்தி சிக்கினால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய பெல்ட் ஒன்றின் பின்புறத்தில் தீட்டும் பசையைத் தடவி, முனை பின்னால் வரும்படி சில தடவை இழுத்துவிட்டுத் தொடருங்கள். தடிமன் பாதியாகக் குறைந்தால் போதும். ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் சீவ வேண்டியதில் முக்கால்வாசியைச் சீவிவிட்டு மீதியை மணல் காகிதத்தால் தேயுங்கள், நேரமாகும், பாதுகாப்பானது.

மூலையில் மடிக்கும்போது தோல் குவியும். மூலையின் நுனியைச் சாய்வாக வெட்டிவிடுங்கள், ஆனால் மடிப்புக்கோடுகள் சந்திக்கும் புள்ளிவரை வெட்டாமல் ஒன்றரை மி.மீ. தோல் விட்டுவையுங்கள். முழுக்க வெட்டினால் மூலையில் ஓட்டை தெரியும். வட்ட மூலையென்றால் குத்தூசி நுனியால் சின்னச் சின்ன மடிப்புகளாகச் சேர்த்து அழுத்தி, காய்ந்ததும் மேடுகளைச் சீவிவிடலாம்.

பசையும் விறைப்பும்

கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் ஒட்டி நன்றாக அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது, வழுக்கும். ஒட்டியதும் நகர்த்த முடியாது என்பதால் ஒரு மூலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வையுங்கள். பூச்சுள்ள மேற்புறத்தில் ஒட்ட வேண்டி வந்தால், ஒட்டும் பட்டையை மட்டும் மணல் காகிதத்தால் பூச்சுப் போகச் சுரண்டியே ஆகவேண்டும். இதைச் செய்யாத ஒட்டு எந்தப் பசைக்கும் நிற்காது. சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், வாடை தலைவலி தரும், தீப்பிடிக்கும் பொருளும்கூட. தண்ணீர்ப் பசை வகையும் இருக்கிறது, சின்ன வேலைக்கு அது போதும்.

பொருள் விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் இரண்டு துண்டின் பின்புறங்களைச் சேர்த்து முழுக்க ஒட்டுங்கள். 1 மி.மீ. துண்டு இரண்டு சேர்ந்தால் 2 மி.மீ., உள்ளும் புறமும் அழகான முகம், தனி அடுக்கைவிடக் குறைவாகவே நீளும். இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் நடுவில் மெல்லிய அட்டையோ, கெட்டித் தோல் சீவலோ வைக்கலாம். வளையும் பொருளை ஒட்டும்போது தட்டையாக ஒட்டாமல் வளைத்துப் பிடித்தபடியே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது உள் அடுக்கு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

முதல் பொருள்: கார்டு உறை

இதற்கு முன் பட்டையாக ஒன்றிரண்டு செய்து கை பழக்குங்கள். 25 மி.மீ. அகலம், 110 மி.மீ. நீளத்தில் இரண்டு அடுக்கு ஒட்டி ஓரம் தைத்து பிரஸ் பட்டன் வைத்தால் சார்ஜர் வயர் சுற்றும் பட்டை. அப்புறம் கார்டு உறைக்கு வாருங்கள்.

வங்கி அட்டையின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: 85.6 மி.மீ. அகலம், சுமார் 54 மி.மீ. உயரம், தடிமன் 0.76 மி.மீ. நான்கு அட்டை வைத்தால் 3 மி.மீ. தடிமன். அதையும் அகலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும், புதியவர்கள் மறப்பது இதைத்தான். 85.6-உம் 3-உம் சேர்ந்து 88.6, கொஞ்சம் இடம் விட்டு உள் அகலம் 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் தையலுக்கும் ஓரம் சீர்செய்வதற்கும் 5 மி.மீ. விட்டால் வெட்டு அகலம் 100. இதற்கு மேல் தாராளமாக விடாதீர்கள். இந்தத் தோல் பயன்படுத்தப் பயன்படுத்த இளகும், முதல் நாள் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுதான் சரி.

பின்துண்டு 100 × 75 மி.மீ., முன்துண்டு 100 × 57 மி.மீ. இரண்டிலும் குறைவாக நீளும் திசை 100 பக்கம் வரட்டும். முன்துண்டின் மேல் ஓரத்தைச் சீவி 8 மி.மீ. உள்ளே மடித்து ஒட்டுங்கள். பின்துண்டின் மேல் ஓரத்தை 14 மி.மீ. மடியுங்கள், சீவும் பட்டையையும் அதற்கேற்ப 16 மி.மீ. ஆக்குங்கள். பின்துண்டு முன்துண்டைவிட 12 மி.மீ. உயரமாக நிற்கும், அந்த இடத்தில் சதைப்பக்கம் கண்ணில் படாமல் இந்த நீள மடிப்பு மறைத்துவிடும். மடிப்பை மழுங்கிய கட்டையால் தேய்த்து அழுத்தி, இரண்டு துண்டின் மேல் ஓரத்திலும் 3 மி.மீ. தள்ளி ஒரு வரிசை தையல் போடுங்கள். உறையைச் சேர்த்த பிறகு இந்த வரிசையைப் போட முடியாது, எனவே இப்போதே.

பிறகு இரண்டு துண்டையும் பின்புறம் பின்புறமாகச் சேர்த்து, இரு பக்கமும் அடியும் 4 மி.மீ. பட்டைக்கு மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். பசை உள்ளே வழிந்தால் கார்டு இறங்காது. ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே குத்தூசியால் லேசாகக் கோடு கீறி, அந்தக் கோட்டில் பல் உளியை நேராக நிறுத்தித் தட்டுங்கள். மெத்தென்ற தோலில் உளியை அடிவரை இறக்கினால் துளை பெரிதாகிப் பல்லிளிக்கும், மறுபுறம் நுனி எட்டிப் பார்த்தாலே நிறுத்துங்கள். உளியை உருவும்போது தோலும் சேர்ந்து எழும்பி நீளும். இரண்டு விரலால் உளியின் இருபுறமும் தோலை அழுத்திக்கொண்டு உருவுங்கள். அடுத்து அடிக்கும்போது உளியின் முதல் பல் கடைசித் துளையிலேயே உட்கார்ந்தால் இடைவெளி மாறாது.

தையல் நீளம் கிட்டத்தட்ட 180 மி.மீ. வரும். அதைப் போல நான்கு மடங்கு நூலும், ஊசியில் மாட்டக் கொஞ்சமும் சேர்த்து 90 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. முதல் துளையில் நூலை நுழைத்து இருபுறமும் சமமாக இழுத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும் இன்னொன்று அந்தப் பக்கமிருந்தும் போகும். எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள், தையல் சாய்வு ஒரே சீராக விழுவது இதனால்தான். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் முதல் நூலைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். இறுக்குவதும் அளவோடு. கெட்டித் தோலில் இறுக்குவது போல இழுத்தால் இது சுருங்கி அலையலையாகும், நூல் தோல்மேல் படிந்து உட்கார்ந்தால் போதும். உறையின் வாய் வரும் இடத்தில், முன்துண்டின் ஓரத்தைச் சுற்றி நூலை இரண்டு தடவை கொண்டுபோங்கள், அதிக இழுப்பு வருவது அங்கேதான். கடைசியில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டி, முனையைத் தீயால் ஒரு நொடி காட்டி உருக்கி அழுத்துங்கள். தீ தோல் பக்கம் போகக்கூடாது.

இப்போது மூன்று பக்கமும் 1 மி.மீ. வெட்டிச் சீர்செய்யுங்கள். மடிப்புக்கு மேலே பின்துண்டு தனியாக நிற்கும் இடத்திலும் அதே கோட்டில் வெட்டிக்கொண்டு போங்கள். அடி மூலை இரண்டையும் துளி மழுக்கிவிட்டால் சட்டைப்பையில் குத்தாது.

மெஷினில் தைக்கலாமா

வீட்டுத் தையல் மெஷின் இந்தத் தோலின் இரண்டு அடுக்கைப் பெரும்பாலும் தாங்கும். அதற்கென்று விற்கும் தோல் ஊசி போடுங்கள், 90 அல்லது 100 எண். தையல் நீளத்தை 3.5 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள், நெருக்கமாகத் தைத்தால் தபால் தலைகளுக்கு நடுவே துளைபோட்டது போலாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். பூச்சுள்ள பக்கம் மெஷினின் பாதத்தில் ஒட்டி நகராது, டெஃப்லான் பாதம் போட்டால் நகரும், இல்லாவிட்டால் தோலின்மேல் மெல்லிய காகிதம் வைத்துச் சேர்த்துத் தைத்துக் கிழித்தெடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் வேண்டாம், நூலைப் பின்புறம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், கிளிப் போதும். தோலில் விழுந்த ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்கிற வாய்ப்பு கிடையாது.

எதற்கு ஆகாது

கத்தி உறைக்கு இந்தத் தோலை எடுக்காதீர்கள். மெத்தென்று இருப்பதால் கத்தி குத்தி வெளியே வரும், பதனிட்ட உப்புகள் இரும்பைக் கறைபடுத்தவும் கூடும். உணவு படும் பொருட்களுக்கும், வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகளுக்கான பொருட்களுக்கும் வேண்டாம், என்ன பூச்சு போட்டார்கள் என்பது மிச்சத் துண்டில் எழுதியிருக்காது. குளிர் காய்வதற்கோ குப்பையைக் குறைப்பதற்கோ எரிக்கவே எரிக்காதீர்கள். தோலில் இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியம் சூட்டில் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும், அது நச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து உடம்பில் படும் தோல் பொருட்களில் அதைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. தோல் எரித்துப் பார்த்து வகை கண்டுபிடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், வெட்டுமுகத்தையும் தண்ணீர்ச் சொட்டையும் பார்த்தாலே போதும். மணல் காகிதத்தால் நிறையத் தேய்க்கும் நாட்களிலும் முகக்கவசம் போடுங்கள்.

பட்டனும் மிச்சமும்

பிரஸ் பட்டனும் ரிவெட்டும் இந்தத் தோலில் நேரடியாக வைத்தால் சில மாதங்களில் ஓட்டை விரிந்து கையோடு வந்துவிடும். பட்டனின் தண்டுக்குச் சற்றுக் குறைவான அளவில் துளை போட்டு, பின்னால் நாணய அளவில் இன்னொரு துண்டை ஒட்டி, இரண்டையும் சேர்த்து அடியுங்கள். தண்டு தோலைத் தாண்டி 2 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் பிடிக்கும். அதைவிட நீண்டால் சாய்ந்து மடங்கும், குறைந்தால் பிடிக்காது. அப்படி நீண்டுவிட்டால் இன்னொரு தோல் வட்டம் சேர்த்து அடுக்குங்கள்.

எல்லாம் வெட்டிய பிறகும் விரல் அகலத் துணுக்குகள் மிஞ்சும். அவற்றையும் மூன்றாகப் பிரித்துவைக்கலாம்: பட்டனுக்குப் பின்னால் வைக்கும் வட்டங்களுக்குக் கெட்டியானவை, ஜிப் நுனியில் கட்டும் இழுப்புப் பட்டைகளுக்கு நீளமானவை, மீதியெல்லாம் சோதனைக்கு. புதுத் துண்டில் பசை, ஓரப் பெயின்ட், உளி ஆழம், நூல் நிறம் எதையும் முதலில் அதே தோலின் துணுக்கில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் வெட்டும்போதே அதன் துணுக்கொன்றை ஒரு நூலில் கோத்து, பின்புறத்தில் தடிமனையும் மடிப்புச் சோதனையில் என்ன ஆனது என்பதையும் பேனாவால் எழுதிவைத்தால், அடுத்த பொருளுக்குத் துண்டு தேடும்போது மூட்டை முழுவதையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டியிருக்காது.